திரும்ப இடம் வேண்டும்: வியாசர்பாடி மாலை மையத்தில் ஒரு எஸ்.ஆர்-71 பயிற்சி (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வியாசர்பாடியில் உள்ள ஒரு மாலை நேரப் படிப்பு மையம். பாலிடெக்னிக் போகிற பையன்கள், பிளஸ் டூ படிக்கிற பெண்கள், கேரம் ஆடுவதற்காகவே வருகிறவர்கள் என்று கலந்த கூட்டம். மையத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இலவச விமான சிமுலேட்டர் போட்டிருந்தார்கள். ஜாய்ஸ்டிக் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. ஸ்பிரிங் தளர்ந்து, கைப்பிடி நடுவில் நிற்காமல் வலப்பக்கம் லேசாகச் சாயும். யாரோ அடியில் ரப்பர் பேண்ட் சுற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். இந்த ரப்பர் பேண்ட் பிறகு மறுபடி வரும்.

பகுதியில் நடக்கவிருந்த ஓர் அறிவியல் கண்காட்சிக்கு மையத்தின் சார்பில் ஏதாவது வைக்க வேண்டும். விமானம்தான் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். எந்த விமானம் என்பதில்தான் தகராறு. ஒரு பையன் சோவியத் தயாரிப்பான மிக்-25 வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவன் அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். மிக்-25இன் உடல் பெரும்பகுதி நிக்கல் கலந்த எஃகு, அதை வெல்டிங் செய்துதான் கட்டினார்கள் என்று எங்கோ படித்திருந்தான். அது போதாதென்று அந்த விமானம் நம் விமானப்படையிலேயே இருந்தது: 1981 முதல் 2006 வரை, பரேலியில் 102ஆவது ஸ்குவாட்ரனில், வேவு பார்க்கும் வேலைக்கு. "நம்ம ஊர்ல இருந்தத உட்டுட்டு அமெரிக்காகாரனுதுக்கு இன்னாண்ணா அவ்ளோ ஆசை?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் அமெரிக்க வேவு விமானமான எஸ்.ஆர்-71 தேர்வானது. அதற்குக் காரணம் ஒன்றே. அந்த விமானத்தின் விமானிக் கையேட்டின் ரகசியத்தன்மை நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலை. எந்த உயரத்தில் என்ன வேகம், எவ்வளவு சாய்க்கலாம், எதைத் தாண்டக் கூடாது என்று எண்கள் கையில் இருக்கும். சரிபார்க்க எண் இல்லாத விமானத்தை எடுத்தால் பிள்ளைகள் சிமுலேட்டர் காட்டுவதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். மிக்-25 ஒப்பீட்டுக்கு இருக்கட்டும் என்று அந்தப் பையனைச் சமாதானப்படுத்தினோம்.

பொறுப்பு ஏற்றவர்கள் இருவர். கடைசி வருடம் பொறியியல் படிக்கும் பெண், எல்லோருக்கும் அக்கா. பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர் இன்னொருவர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் பெர்சு. நான் மையத்தின் குறிப்பேட்டை எழுதுகிறவன்.

திட்டம் எளிமையானது. எண்ணூருக்கு மேல் மாக் 3 வேகத்தில், அதாவது ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில், 80,000 அடியில் கடப்பது, நேராகக் கன்னியாகுமரி போவது, அங்கே திரும்பி மறுபடி எண்ணூருக்கு மேல் வருவது, பிறகு மீனம்பாக்கத்தில் இறங்குவது. பார்வையாளர்கள் எதிரிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

முதலில் கண்டது

எடுத்த எடுப்பில் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். டேங்க் நிறைய எரிபொருள், ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரிப்பது) முழுசாக, ஓடுபாதையை விட்டதும் மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்குவது. முதலில் உயரம், அப்புறம் வேகம் என்பது அவர்கள் கணக்கு. விமானம் ஐம்பதாயிரம் அடி வரைக்கும் போகும். வேகம் இறங்கிக்கொண்டே வரும். கையேட்டின்படி தாக்குகோணம் (எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள கோணம்) எல்லையைத் தாண்டினால் இந்த விமானத்தின் மூக்கு தானாகவே இன்னும் மேலே எழும்பப் பார்க்கும். அதற்கு முன்பே ஸ்டிக் கையில் அதிர்ந்து எச்சரிக்கும். பிள்ளைகள் அந்த எல்லையைத் தாண்டினார்கள், விமானம் இலைபோல விழுந்தது.

ஒருத்தி மாற்றி யோசித்தாள். கீழேயே வேகம் பிடித்துக்கொண்டு பிறகு ஏறலாம் என்று கடல்மட்டத்தை ஒட்டி முழு வேகத்தில் போனாள். சிமுலேட்டரில் எதுவும் உடையவில்லை. நிஜத்தில் உடைந்திருக்கும் என்று அக்கா நிறுத்திவிட்டார். அடர்ந்த காற்றில் அந்த வேகத்தை இந்த உடல் தாங்காது. கையேட்டில் இருக்கும் உச்சவரம்பு 500 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). கடல்மட்டத்தில் அது மாக் 0.76 கூட இல்லை. மாக் 3 போகிற விமானத்துக்குக் கீழே இவ்வளவுதான் அனுமதி என்பதை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

எப்படியோ சேமித்து வைத்த ஒரு நிலையிலிருந்து மாக் 3இல் தொடங்கி கன்னியாகுமரி வரைக்கும் வந்தார்கள். அங்கே திரும்பும்போது எல்லாம் குலைந்தது. அறுபது டிகிரி சாய்த்தார்கள், விமானம் உயரத்தையும் வேகத்தையும் ஒருசேர இழந்தது. குறைவாகச் சாய்த்தால் திரும்பவே இல்லை. "இன்னாண்ணா, இது பஸ்ஸு மாதிரி போய்க்கினே கீது!" என்றான் மிக்-25 பையன்.

எடுத்த முடிவு: ஸ்டிக்கைத் தொடும் முன் காகிதம்

இந்தக் கட்டத்தில் டர்னர் சார் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார். லேத்தில் வேலை ஏற்றும் முன் டிராயிங்கைப் பார்க்காதவனை அவர் பக்கத்தில் நிற்கவே விடமாட்டாராம். தென்னிந்திய வரைபடம் ஒன்றை கேரம் போர்டின் மேல் ஒட்டி, ஆணி, நூல், பென்சில் கொடுத்தார்.

கணக்கு பிளஸ் டூ இயற்பியல்தான். திரும்பும் வட்டத்தின் ஆரம், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டாலும் வகுத்தால் வரும். அந்த உயரத்தில் மாக் 3 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 885 மீட்டர். வழக்கமான 30 டிகிரி சாய்வைப் போட்டால் ஆரம் 138 கிலோமீட்டர். அரைவட்டம் போட்டுத் திரும்பினால் போன பாதைக்கும் வரும் பாதைக்கும் நடுவே 276 கிலோமீட்டர் இடைவெளி. ஆகும் நேரம் எட்டு நிமிடத்துக்கு மேல். இத்தனைக்கும் உள்ளே இருப்பவர் உணரும் பாரம் வெறும் 1.15 ஜி, அதாவது சொந்த எடையைப் போல 1.15 மடங்கு. உடம்புக்குத் திரும்புவதே தெரியாது.

முதலில் நூலை எண்ணூரில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணூரில் மேற்கே திரும்ப ஆரம்பித்தால் வட்டத்தின் மறுபக்கம் பெங்களூருவை நெருங்குகிறது. பையன்கள் நூலை மறுபடி அளந்தார்கள், நம்பிக்கை வராமல். பிறகு கன்னியாகுமரியில் ஆணியடித்து இடப்பக்கம் அரைவட்டம் போட்டாள் ஒரு பெண். பென்சில் முனை போய் நின்ற இடம் கொழும்பு.

அறையில் கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. வேவு விமானம் இன்னொரு நாட்டு வான்வெளிக்குள் தெரியாமல் நுழைவது விளையாட்டு இல்லை. பால்டிக் கடலில் இந்த விமானம் ரோந்து போன காலத்தில் திருப்பத்தைத் துல்லியமாகப் போட வேண்டியிருந்தது இதனால்தான். 1987 ஜூன் 29 அன்று எஞ்சின் பழுதான ஓர் எஸ்.ஆர்-71 ஸ்வீடனின் வான்வெளிக்குள் போய்விட்டது. அதை ஸ்வீடனின் விக்கன் போர் விமானங்கள் கூடவே வந்து பாதுகாத்தன. பல வருடங்கள் கழித்து, 2018இல், அந்த விமானிகளுக்கு அமெரிக்கா பதக்கம் கொடுத்தது.

நிறையச் சாய்த்தால் வட்டம் சுருங்குமே என்று கேட்டார்கள். 45 டிகிரிக்கு ஆரம் 80 கிலோமீட்டர்தான். ஆனால் இறக்கை 1.41 மடங்கு எடையைத் தூக்க வேண்டும். 80,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 28இல் ஒரு பங்கு. அங்கே இறக்கைக்கும் எஞ்சினுக்கும் மிச்சம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கூடுதலாகத் தூக்கச் சொன்னால் மூக்கை உயர்த்த வேண்டும், இழுவை கூடும், வேகமும் உயரமும் போகும். அவர்கள் அறுபது டிகிரியில் கண்டது அதைத்தான். வேகம் நிறைய இருப்பதால் விமானத்துக்கு எதையும் செய்யும் சுதந்திரம் இருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு. இங்கே நேர்மாறு.

முடிவு: கன்னியாகுமரியில் வலப்பக்கம் திரும்புவது. வட்டம் முழுக்க அரபிக்கடல் மேல் விழும். அரைவட்டத்தோடு நிற்காமல் இன்னும் ஒரு 25 டிகிரி திரும்பினால் மூக்கு நேராக எண்ணூரைப் பார்க்கும். நேராக்கும் இடம் ஆலப்புழைக் கரைக்கு அப்பால், கடலில். இதையும் நூலை வைத்தே கண்டுபிடித்தார்கள். கணக்கு போட்டுப் பார்த்த அக்கா ஒரு டிகிரிதான் திருத்தினார்.

எந்த வேகத்தைப் பார்ப்பது

அடுத்த சிக்கல் ஏறுவது. இங்கே அக்கா எடுத்த முடிவு எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. திரையில் மாக் எண் தெரியும் இடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டார். சமான காற்றுவேகம் என்ற எண்ணை மட்டும் விட்டுவைத்தார். அந்த வேகத்தில் கடல்மட்டத்தில் பறந்தால் காற்று என்ன அழுத்தம் கொடுக்குமோ அதைச் சொல்லும் எண் அது. இறக்கை, வால், உடல் எல்லாம் உணர்வது இந்த எண்ணைத்தான். 80,000 அடியில் மாக் 3 என்பது தரையிலிருந்து பார்க்க மணிக்கு 3,200 கிலோமீட்டர். சமான வேகமோ சுமார் 330 நாட், அதாவது மணிக்கு 610 கிலோமீட்டர். அங்கே இறக்கைக்குக் கிடைப்பது அவ்வளவு காற்றுதான்.

ஏறும் முறை இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான். ஒலிவேகத்தைத் தாண்டியபின் 450 நாட்டில் வைத்துக்கொண்டு மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் உயரமும் மாக் எண்ணும் கூடவே ஏறும். கடைசிக் கட்டத்தில் மட்டும் அந்த எண்ணை மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். உயரம் முதலா வேகம் முதலா என்ற கேள்வியே எழாது.

ஒலிவேகத்தைத் தாண்டுவதற்குத் தனி வித்தை இருக்கிறது. மாக் 1ஐ ஒட்டி இழுவை திடீரென்று ஏறும், எஞ்சினுக்கு அங்கே மிச்ச பலம் குறைவு. ஆகவே 33,000 அடிக்கு ஏறி, அங்கிருந்து மூக்கைத் தாழ்த்தி 30,000 அடி பக்கம் சறுக்கி, சறுக்கும் வேகத்திலேயே ஒலித்தடையைத் தாண்டி, 450 நாட் வந்ததும் மறுபடி ஏறுவார்கள். மேலே போக முதலில் கீழே போவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்காட்சியில் எதை மறந்தாலும் இதை யாரும் சொல்ல மறக்கவில்லை.

இந்த இடத்தில் எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் வேகம் வந்தபிறகுதான் உயரம் தாங்குகிறது? ஜே-58 எஞ்சினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பைக் காட்டி டர்னர் சார் விளக்கினார். அதற்கு ஸ்பைக் என்று பெயர். மாக் 1.6 வரைக்கும் அது முன்னால் நிற்கும். அதற்கு மேல் வேகம் கூடக் கூடப் பின்னால் நகரும், மொத்தம் 26 அங்குலம். பாய்ந்து வரும் காற்றை அதிர்வலைகள் வழியாக மெதுவாக்கி அழுத்தி எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. மாக் 3.2இல் மொத்த உந்துவிசையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 54 சதவீதம், இந்தக் கூம்பு இருக்கும் நுழைவாய்க்குள் ஏற்படும் அழுத்தத்திலிருந்து வருகிறது. எஞ்சின் நேரடியாகத் தருவது 17, 18 சதவீதம். மீதி பின்பக்கக் குழாயின் கணக்கு. வேகமில்லாமல் உயரத்துக்குப் போனால் அந்தப் பாதி கிடைக்காது. முதல் நாட்களில் ஐம்பதாயிரம் அடியில் விமானம் ஏன் மூச்சு வாங்கியது என்பதற்குப் பதில் இதுதான்.

காற்றை அழுத்தினால் சூடாகும். மாக் 3.2இல், வெளியே மைனஸ் 56 டிகிரி இருந்தாலும், நிறுத்தப்பட்ட காற்று 388 டிகிரி செல்சியஸுக்குப் போகும் என்று அக்கா பலகையில் போட்டுக் காட்டினார். கம்ப்ரசர் வாயில் 427 டிகிரிதான் உச்சவரம்பு. இந்த விமானத்தின் வேக எல்லை எஞ்சின் பலத்தால் வந்ததில்லை, இந்த வெப்ப எல்லையால் வந்தது. அதற்காகத்தான் உடலை டைட்டானியத்தில் கட்டினார்கள்.

டைட்டானியம் என்றதும் சார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். துளையிடும் பிட் எப்படி மழுங்கும் என்பதில் ஆரம்பித்து, கேட்மியம் பூசிய ஸ்பானர் பட்ட போல்ட்டுகள் சூட்டில் உடைந்த கதை வரைக்கும். கலிஃபோர்னியாவின் பர்பேங்க் தொழிற்சாலையில் கோடையில் செய்த ஸ்பாட் வெல்டிங் பாகங்கள் மட்டும் சீக்கிரம் கெட்டுப்போயினவாம். தேடிப்பார்த்தால், பாசியைத் தடுக்க கோடைக்காலத்தில் நகராட்சித் தண்ணீரில் கூடுதலாக குளோரின் கலக்கிறார்கள். பாகங்களைக் கழுவியது அந்தத் தண்ணீரில். "அப்ப நம்ம மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணில கழுவுனா பறக்கவே பறக்காது சார்" என்றாள் ஒருத்தி. சார் அதை ஒத்துக்கொண்டார்.

நேராகப் பறப்பது

திருப்பம் சரியானதும் நேர்கோடு படுத்தியது. எண்ணூரிலிருந்து கன்னியாகுமரிக்கு 630 கிலோமீட்டர் சொச்சம், மாக் 3இல் பன்னிரண்டு நிமிடம். கையால் ஓட்டியவர்களின் விமானம் வரைபடத்தில் வளைந்து வளைந்து போனது. உயரமும் ஆயிரக்கணக்கான அடி ஏறி இறங்கியது.

காரணம் ரப்பர் பேண்ட். ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்காததால் எப்போதும் இரண்டு டிகிரி போல வலப்பக்கம் சாய்வு. சாதாரண விமானத்தில் இது யார் கண்ணிலும் படாது. இங்கே இரண்டு டிகிரி சாய்வு, நூறு கிலோமீட்டர் போவதற்குள், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், பாதையை விட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடுகிறது. மூக்கின் விஷயம் இன்னும் மோசம். மாக் 3இல் மூக்கு ஒரு டிகிரி உயர்ந்தால் நிமிடத்துக்கு 3,000 அடி ஏறும். அதைச் சரிசெய்யத் தாழ்த்தினால் அதே அளவு இறங்கும்.

நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. வாங்க வேண்டாம், ஆட்டோபைலட்டைப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. செலவு ஒரு காரணம். நிஜ விமானத்திலும் வேகமான நேர்ப்பறத்தலில் ஆட்டோபைலட்தான் ஓட்டியது, நட்சத்திரங்களைப் பார்த்து இடத்தைக் கணிக்கும் கருவி அதற்கு வழி சொன்னது என்பது இன்னொரு காரணம். "அப்ப பைலட்டு எதுக்குக்கா?" என்று ஒரு பையன் முகம் சுருங்கிக் கேட்டான். அவனுக்குப் பதிலாக அடுத்த பயிற்சி அமைந்தது.

எஞ்சின் ஒன்றை அணைத்துப் பார்த்தது

எஞ்சினின் நுழைவாய்க்குள் இருக்கும் அதிர்வலை சில நேரம் தன் இடத்தை விட்டு வெளியே துப்பப்பட்டுவிடும். இதற்கு அன்ஸ்டார்ட் என்று பெயர். அந்தப் பக்கத்து உந்துவிசை நொடியில் போகும், விமானம் அந்தப் பக்கம் வெடுக்கென்று திரும்பும். விமானிகளின் ஹெல்மெட் கண்ணாடியில் மோதும் அளவுக்கு. இது அடிக்கடி நடந்தது. 1980களில் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவி வந்தபிறகுதான் வெகுவாகக் குறைந்தது. ஒரு பக்கம் இப்படி ஆனால், வேண்டுமென்றே மறுபக்கத்தையும் அப்படி ஆக்கிச் சமன்செய்யும் ஏற்பாடுகூட இருந்தது.

எங்கள் சிமுலேட்டர் மாடலில் அன்ஸ்டார்ட் கிடையாது. அதற்குப் பதில் மாக் 3இல் ஒரு எஞ்சினை அணைத்துப் பார்த்தார்கள். விமானம் மெதுவாக மூக்கைத் திருப்பியது, கொஞ்சம் ஸ்டிக்கை ஆட்டியதும் நேரானது. "ஒண்ணும் ஆவல சார்" என்று குறிப்பேட்டில் எழுதப் போனார்கள்.

அதை எழுதவிடக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றார். சிமுலேட்டர் சொல்வதையும் விமானம் செய்வதையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும் என்று அன்றைக்கு ஒரு விதி வந்தது. அந்த இரண்டாவது பத்தியில் எழுத, 1966 ஜனவரி 25இல் நடந்த விபத்தை வாசித்தார்.

சோதனை விமானி பில் வீவரும் ஜிம் ஸ்வேயரும் மாக் 3.18இல், 78,800 அடியில், 35 டிகிரி வலப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். இழுவையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக எடை மையத்தை வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஒலிவேகத்தைத் தாண்டினால் தூக்குவிசையின் மையம் பின்னால் போகும். எரிபொருளைப் பின் டேங்குகளுக்கு மாற்றி எடையையும் பின்னால் கொண்டுபோனால் வால் தேவையில்லாமல் காற்றோடு சண்டை போட வேண்டாம். லாபம் அதில். நஷ்டம், விமானத்தின் நிலைத்தன்மை குறையும். அந்த நிலையில் வலது எஞ்சினில் அன்ஸ்டார்ட் வந்தது. சாய்வு கூடியது, மூக்கு மேலே எழுந்தது, ஸ்டிக்கை எந்த மூலைக்குத் தள்ளியும் பயனில்லை. இரண்டு மூன்று நொடிகளில் விமானம் அவர்களைச் சுற்றிச் சிதறியது. வீவரை வெளியே எறிய வேண்டிய இருக்கை வெடித்துத் தள்ளவே இல்லை, விமானம் உடைந்ததில் அவர் வெளியே வந்து விழுந்தார். அழுத்த உடையும் பாராசூட்டும் காப்பாற்றின. ஸ்வேயர் உயிர் பிழைக்கவில்லை.

திருப்பம், எடை மையம், நுழைவாய். பிள்ளைகள் தனித்தனியாகப் படித்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்ததைப் பலகையில் அம்புக்குறி போட்டு அவர்களே இணைத்தார்கள். 30 டிகிரி சாய்வு ஏன் வெறும் கையேட்டு வரி இல்லை என்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. முகம் சுருங்கிய பையன் ஆட்டோபைலட் பக்கத்திலேயே உட்கார்ந்து எஞ்சின் வெப்பத்தைப் படிக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டான்.

கண்காட்சியன்று

முழுப் பறத்தலைக் காட்ட முடியாது என்பது ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. ஏறுவது, போவது, திரும்புவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் யாரும் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்கள். திருப்பத்தை மட்டும், சேமித்த நிலையிலிருந்து ஓட்டிக் காட்டுவது என்று முடிவு. திருப்பம் மட்டுமே ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் திரையில் தெரிவது சாய்ந்த ஒரு தொடுவானக் கோடு, அவ்வளவுதான்.

கூட்டம் சேர்ந்தது கேரம் போர்டு வரைபடத்தைச் சுற்றித்தான். வந்தவர்கள் கையில் நூலைக் கொடுத்து, உங்கள் ஊரில் ஆணியடித்துத் திரும்பிப் பாருங்கள் என்றோம். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு மீனவர், திரும்பும் வட்டத்தைக் கடல் மேல் போட்டுப் பார்த்துவிட்டு, "போட்டுக்குத் திரும்ப இவ்ளோ இடம் இருந்தா நாங்க கரைக்கே வர வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இறங்குவதற்கான புள்ளியையும் பிள்ளைகள் குறித்திருந்தார்கள். மாக் 3இலிருந்து வேகத்தைக் குறைக்க முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மீனம்பாக்கத்தில் இறங்க நினைப்பவர் சேலம் வருவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

நடுவராக வந்தவர்களில் ஒருவர் கேட்டது எல்லோரும் கேட்கும் கேள்வி: "இந்த விமானம் தரையிலேயே எண்ணெய் ஒழுகுமாமே, அதனால்தானே மேலே போனதும் உடனே எரிபொருள் நிரப்புவார்கள்?" ஒழுகுவது உண்மை. சூட்டில் விரிந்து சுருங்கும் உடலில் டேங்கின் பூச்சு தாக்குப்பிடிக்காது, தரையில் சொட்டும். ஆனால் மேலே போய் நிரப்புவதற்கு அது முக்கியக் காரணம் இல்லை. குறைந்த எடையில் எழுந்தால் ஒரு எஞ்சின் போனாலும் தப்பிக்கலாம், டயருக்கும் பிரேக்குக்கும் பாரம் குறைவு. அப்புறம், மாக் 3 போகும் முன் டேங்கின் காலி இடத்தில் காற்றை விரட்டி நைட்ரஜனை நிரப்ப வேண்டும். மேலே போய் டேங்கை முழுக்க நிரப்புவது அதற்கும் வசதி. இதைச் சொன்னது மிக்-25 பையன். அந்த நடுவர் நம்பியதாகத் தெரியவில்லை. பரிசு மழைநீர் சேகரிப்பு மாதிரிக்குப் போனது. அது நன்றாகவே இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததும், மாற்ற வேண்டியதும்

பயிற்சியில் இருந்தவர்களில் ஒருவன் பாதியில் வருவதை நிறுத்திவிட்டான். ஆட்டோபைலட் முடிவு எடுத்த வாரம் அது. கையால் ஓட்டத்தான் வந்தேன் என்று சொன்னான். மீதிப் பேர் கண்காட்சி முடிந்தும் வருகிறார்கள். ஒருத்தி ஏரோநாட்டிக்ஸ் படிப்புக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று விசாரிக்கிறாள்.

இதே வேலையை வேறு மையம் செய்தால் சில விஷயங்களை வேறு வரிசையில் வைக்கலாம். வரைபடமும் நூலும் முதல் நாளே வரட்டும், சிமுலேட்டர் அதன் பிறகு. மாக் எண்ணை மறைத்து சமான வேகத்தை மட்டும் காட்டுவது ஆரம்பத்திலிருந்தே இருக்கட்டும். கையால் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒலிவேகத்தைத் தாண்டும் அந்தச் சறுக்கலைக் கொடுக்கலாம், அங்கே கைக்கு வேலை இருக்கிறது. மாக் 3 நேர்கோட்டை ஆட்டோபைலட்டிடம் விட்டுவிடலாம். அந்தப் பையனை அப்படித் தக்கவைத்திருக்க முடியும் என்பது அக்காவின் கருத்து. சார் ஒத்துக்கொள்ளவில்லை, போகிறவன் போவான் என்கிறார். சிமுலேட்டருக்கு ஒரு பத்தி, விமானத்துக்கு ஒரு பத்தி என்ற குறிப்பேட்டு விதியை மட்டும் இருவரும் விடமாட்டார்கள்.

மிக்-25 பையன் தன் விமானத்துக்கு அதே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மாக் 2.8, 30 டிகிரி சாய்வு, ஆரம் 120 கிலோமீட்டர். பரேலியில் ஆணியடிக்க வட இந்திய வரைபடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். எஃகை எப்படி வெல்டிங் செய்தார்கள் என்று காட்ட அவன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.